இண்டிக்கு வலிக்கவே இல்லையே!

அணுகுண்டு வெடிக்கப்போகிறது. இன்னும் சில விநாடிகள்தான். ஓடித் தப்பிக்க வழியில்லை. நம் கதாநாயகன் என்ன செய்கிறார் தெரியுமா? ஒரு வீட்டின் சமையலறைக்குள் ஓடுகிறார். ஃப்ரிட்ஜைத் திறந்து, உள்ளே இருப்பதையெல்லாம் வாரிக் கீழே தள்ளிவிட்டு, அதற்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்கிறார். குண்டு வெடிக்கிறது. வீடுகள், கார்கள், மரங்கள் எல்லாம் பொசுங்கிப்போகின்றன. ஃப்ரிட்ஜ் மட்டும் ஆகாயத்தில் பறந்து, வெகுதூரம் தள்ளிப் பாலைவனத்தில் விழுந்து, உருண்டு உருண்டு ஒருவழியாக நிற்கிறது.

கதவு திறக்கிறது. அவர் வெளியே வந்து விழுகிறார். எழுந்து நின்று, காளான் போல எழும்பும் புகையை அண்ணாந்து பார்க்கிறார். கை முறியவில்லை. கால் முறியவில்லை. தொப்பிகூடத் தொலையவில்லை.

2008-ல் வந்த 'இண்டியானா ஜோன்ஸ்' வரிசையின் நான்காவது படம், 'கிங்டம் ஆஃப் தி கிரிஸ்டல் ஸ்கல்'. மூன்றாவது படம் முடிந்து 19 வருடங்கள் கழித்து வந்தது. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே இந்தக் காட்சி வந்துவிடும். அந்த இடத்தில்தான் பல ரசிகர்களின் மனசு உட்கார்ந்துபோனது. 'நியூக் தி ஃப்ரிட்ஜ்' என்று ஒரு கிண்டல் வார்த்தையே இதிலிருந்து பிறந்தது. நல்லா ஓடிக்கொண்டிருந்த ஒரு தொடர், நம்பவே முடியாத இடத்துக்குப் போய்த் தன் மரியாதையைக் கெடுத்துக்கொண்டால், அதற்கு இந்தப் பெயர்!

அந்த ஃப்ரிட்ஜ் யாருடைய யோசனை? தன்னுடையதுதான், லூகாஸைத் திட்டாதீர்கள் என்று இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் பிறகு சொன்னார். என்னைக் காப்பாற்றத்தான் அவர் அப்படிச் சொல்கிறார் என்றார் கதை கொடுத்த ஜார்ஜ் லூகாஸ். பழியை ஏற்க இரண்டு நண்பர்களும் போட்டி போட்டது ஒரு வகையில் அழகுதான்.

இன்னொரு வேடிக்கை. 1985-ல் ஸ்பீல்பெர்க் தயாரிப்பில் வந்த 'பேக் டு தி ஃப்யூச்சர்' படத்தின் ஆரம்பகாலத் திரைக்கதையில் கால இயந்திரமே ஒரு ஃப்ரிட்ஜ்தான். படம் பார்த்துவிட்டுக் குழந்தைகள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் போய் மாட்டிக்கொண்டால் என்ன ஆவது என்ற பயத்தில் அதைக் காராக மாற்றினார்கள். 23 வருடங்கள் கழித்து, அந்தப் பயம் மறந்துபோய்விட்டது போலிருக்கிறது.

நம்ப முடியாதது மட்டுமா குறை?

'சினிமாவில் லாஜிக் பார்க்கலாமா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பழைய மூன்று படங்களிலும் மட்டும் எல்லாம் நம்பும்படியாகவா இருந்தது? 1984-ல் வந்த இரண்டாவது படத்தில், ஓடும் விமானத்திலிருந்து ரப்பர் படகைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் குதிப்பார்கள். பனிமலையில் சறுக்கி, ஆற்றில் விழுந்து, கரை சேருவார்கள். அது மட்டும் நடக்கிற காரியமா?

நடக்காதுதான். ஆனால் நாம் அதைப் பார்த்துக் கைதட்டினோம். ஃப்ரிட்ஜைப் பார்த்து மட்டும் ஏன் சலித்துக்கொண்டோம்?

இதற்குப் பொதுவாக ஒரு பதில் சொல்வார்கள்: 'ஹீரோவுக்கு வயசாகிவிட்டது.' ஹாரிசன் ஃபோர்டு அந்தப் படத்தில் நடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு 65 வயது முடிந்தது. வயதான காலத்தில் எதற்கு இந்தச் சாகசம் என்றார்கள்.

எனக்கு இந்தப் பதிலில் உடன்பாடில்லை. முதல் மூன்று படங்களின் ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம்பைப் பாருங்கள். 1913-ல் பிறந்தவர். மூன்றாவது படத்தை 75 வயதில் ஒளிப்பதிவு செய்தார். அதில் அவர் பிடித்த பாலைவன வெயிலுக்கு இன்றைக்கும் ஈடில்லை. ஐந்து படங்களுக்கும் இசையமைத்த ஜான் வில்லியம்ஸ் 1932-ல் பிறந்தவர். 2023-ல் வந்த ஐந்தாவது படத்துக்கு இசையமைத்து, 90 வயதைத் தாண்டிய பிறகும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். வயது அவர்களுடைய வேலையைக் கெடுக்கவில்லையே!

ஆக, குற்றவாளி வயது இல்லை. வேறொன்று.

எங்கே வலிக்கவில்லை?

1981-ல் வந்த முதல் படமான 'ரைடர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' படத்துக்குப் போவோம். 1977-ல், 'ஸ்டார் வார்ஸ்' வெளியான நேரம். வசூல் எப்படியிருக்குமோ என்ற படபடப்பைத் தாங்க முடியாமல் லூகாஸ் ஹவாய் கடற்கரைக்குப் போய்விட்டார். கூட நண்பர் ஸ்பீல்பெர்க். 'எனக்கு ஒரு ஜேம்ஸ் பாண்ட் படம் இயக்க ஆசை' என்றாராம் ஸ்பீல்பெர்க். 'அதைவிட நல்ல கதை என்னிடம் இருக்கிறது' என்றாராம் லூகாஸ். சாட்டையும் தொப்பியுமாகப் புதையல் தேடும் ஒரு தொல்லியல் பேராசிரியர். அவருக்கு வைத்த பெயர், லூகாஸ் வளர்த்த நாயின் பெயர், இண்டியானா.

இண்டி, ஜேம்ஸ் பாண்ட் மாதிரி ஆள் கிடையாது. பாண்ட் அடித்துப் புரட்டினாலும் கோட்டில் ஒரு சுருக்கம் விழாது. இண்டிக்கு எல்லாமே வலிக்கும். முதல் காட்சியிலேயே தங்கச் சிலையை எடுக்கிறார். பாறை உருண்டு வருகிறது. விழுந்தடித்து ஓடி வெளியே வந்தால், எதிரி சிலையைப் பிடுங்கிக்கொள்கிறான். விமானத்தில் ஏறித் தப்பினால், காலடியில் பாம்பு. பாம்பென்றால் அவருக்கு உயிரே போய்விடும். நம் கதாநாயகனின் அறிமுகக் காட்சியே ஒரு தோல்விதான்!

அதே படத்தில் லாரி துரத்தும் காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். கையில் குண்டு பாய்கிறது. அந்தக் காயத்தின் மேலேயே குத்து விழுகிறது. கண்ணாடியை உடைத்துக்கொண்டு லாரிக்கு முன்னால் போய் விழுகிறார். லாரிக்கு அடியில் புகுந்து, சாட்டையைப் பிடித்துத் தரையில் இழுபட்டு, பின்பக்கமாக ஏறி வருகிறார். பார்க்கிற நமக்கே முதுகு எரியும்.

அதற்குப் பிறகு கப்பலில் ஒரு சின்ன அறை. உடம்பெல்லாம் காயம். காதலி மரியன் மருந்து போட வருகிறாள். தொட்ட இடமெல்லாம் வலிக்கிறது என்று கத்துகிறார் இண்டி. அவளுக்குப் பொறுமை போய்விடுகிறது. சரி, எங்கேதான் வலிக்கவில்லை என்று கேட்கிறாள். அவர் முழங்கையைக் காட்டுகிறார். அங்கே ஒரு முத்தம். பிறகு நெற்றியைக் காட்டுகிறார். இப்படியே போய், உதட்டுக்கு வந்ததும் மனிதர் தூங்கிப்போகிறார்.

என்னைக் கேட்டால், இண்டியை நமக்குச் சொந்தக்காரர் ஆக்கியது பாறையும் இல்லை, பாம்பும் இல்லை. இந்தக் காட்சிதான். அடிபட்டால் வலிக்கும், களைத்தால் தூக்கம் வரும் என்கிற ஆள் அவர். நம் வீட்டில் நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்து 'அப்பாடா' என்று உட்காருகிறவர் மாதிரி.

இது நடிப்பில் மட்டும் இருந்த விஷயமும் இல்லை. விமானத்தைச் சுற்றி நடக்கும் சண்டையைப் படமாக்கியபோது, சக்கரம் ஃபோர்டின் காலில் ஏறிக் காயமாகிவிட்டது. கெய்ரோ கடைவீதியில் கத்தி சுழற்றுகிற பயில்வானைத் துப்பாக்கியால் பட்டென்று சுட்டுவிட்டுப் போவாரே, அங்கே நீளமான ஒரு சண்டைதான் போட வேண்டியிருந்தது. துனீசியா படப்பிடிப்பில் ஃபோர்டுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு. அவரால் நிற்க முடியவில்லை. அதனால் ஒரே ஒரு குண்டோடு காட்சி முடிந்தது. உடம்பு முடியாமல் போனதால் கிடைத்த காட்சி அது. இன்றைக்கும் தியேட்டரில் கைதட்டல் வாங்கும்.

கண்டியில் கட்டிய பாலம்

இரண்டாவது படமான 'டெம்பிள் ஆஃப் டூம்' இந்தியாவில் நடக்கும் கதை. அமரீஷ் புரி மொட்டைத் தலையோடு மிரட்டியிருப்பார். இந்திய அரசு கதையில் மாற்றம் கேட்டதால் படக்குழு இலங்கைக்குப் போய், கண்டிப் பக்கம் படம்பிடித்தது. விருந்தில் குரங்கு மூளை பரிமாறுவது, காளியின் பெயரால் நரபலி என்று நம்மைக் காட்டிய விதம் அசிங்கம்தான். இந்தியாவில் அந்தப் படம் சில காலம் தடைசெய்யப்பட்டிருந்தது. பழைய படங்கள் என்பதற்காக எல்லாமே பொன் என்று சொல்ல வரவில்லை.

ஆனாலும் அதன் தொங்கு பாலத்தை யாரால் மறக்க முடியும்? ஆழமான பள்ளத்தாக்குக்கு மேல் நிஜமாகவே கட்டிய பாலம் அது. நிஜமாகவே அறுத்துவிட்டார்கள். ஆட்களுக்குப் பதிலாக, கை கால் ஆட்டும் பொம்மைகள் பள்ளத்தில் விழுந்தன. இன்னொரு முறை எடுக்க முடியாது என்பதால் பல கேமராக்களை வைத்து ஒரே தடவையில் எடுத்தார்கள். அந்தப் பதற்றம் திரையில் தெரியும்.

அந்தப் படத்தில் இண்டி சாட்டையடி வாங்குவார், தீக்காயம் படுவார். படப்பிடிப்பில் ஃபோர்டுக்கு முதுகுத்தண்டு வட்டு விலகி, சிகிச்சைக்காக அமெரிக்காவுக்குப் போக வேண்டியதாயிற்று. ரப்பர் படகை நாம் மன்னித்ததற்கு இதுதான் காரணம். ஒரு பொய்யை நம்பச் சொல்லிவிட்டு, பத்து இடத்தில் வலியைக் காட்டி அந்தக் கடனை அடைத்துவிடுவார்கள்.

1989-ல் மூன்றாவது படம். அப்பாவாக ஷான் கானரி. நிஜத்தில் அவர் ஃபோர்டைவிட 12 வயதுதான் மூத்தவர்! பீரங்கி வண்டியோடு மகன் மலையிலிருந்து விழுந்து செத்துவிட்டான் என்று அப்பா நொறுங்கிப்போய் நிற்பார். மகன் எப்படியோ ஏறி வந்து, பின்னால் தள்ளாடிக்கொண்டு நிற்பான். படத்தின் கடைசியில் நான்கு பேர் குதிரையில் ஏறி, மறைகிற சூரியனை நோக்கிப் போவார்கள். அதைவிட நல்ல விடைபெறல் ஒரு தொடருக்குக் கிடைக்குமா?

பழையது மாதிரி ஒரு புதுசு

அப்படி விடைபெற்றவரைத்தான் 19 வருடங்கள் கழித்துத் திரும்பக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது அவர்கள் மட்டும் இல்லை. 'எப்போது அடுத்த படம்?' என்று கேட்டுக்கொண்டே இருந்தோமே, நாமும்தான்.

கதை 1957-ல் நடக்கிறது. தொடக்கத்தில் சில நல்ல தருணங்கள் உண்டு. மேசையில் அப்பாவின் படம், பக்கத்தில் பழைய நண்பர் மார்கஸின் படம். இருவரும் இப்போது இல்லை. வாழ்க்கை நமக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, எடுத்துக்கொள்ளத் தொடங்கும் வயதுக்கு வந்துவிட்டோம் என்ற பொருளில் கல்லூரி டீன் ஒரு வசனம் சொல்வார். தேசத்துக்காக உழைத்த மனிதரை அரசாங்கமே சந்தேகப்பட்டு, வேலையை விட்டு அனுப்புகிறது. இந்த நூலைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் எங்கேயோ போயிருக்க வேண்டிய படம்.

ஆனால் படம் அந்த வலியைப் பார்த்துப் பயந்துவிட்டது. மூன்று அருவிகளில் அடுத்தடுத்து விழுகிறார்கள். ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. ஓடுகிற வண்டிகளின் மேல் கத்திச்சண்டை. பின்னால் இருக்கும் காடு கம்ப்யூட்டரில் ஒட்டியது மாதிரி தெரிகிறது. இண்டியின் மகன் மரக்கொடியைப் பிடித்துக் குரங்குகளோடு சேர்ந்து ஆடி ஆடிப் போகிறான். கடைசியில் பறக்கும் தட்டு வேறு! 65 வயது மனிதர் 38 வயதில் பட்ட அடியில் பாதிகூட இந்தப் படத்தில் படவில்லை. வயதானவர் என்று வசனத்தில் சொல்கிறார்கள். உடம்பில் காட்டவே இல்லை.

படத்தில் தேடுகிற பொருள் பளிங்கு மண்டையோடு. இதில் ஒரு சுவையான உண்மை இருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் நிஜமாகவே ஒரு பளிங்கு மண்டையோடு உண்டு. 1897-ல் விலைக்கு வாங்கினார்கள். மெக்சிகோவின் பழைய அஸ்டெக் மக்கள் செய்தது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு நுண்ணோக்கி வைத்து ஆராய்ந்தபோது, சுழலும் சக்கரக் கருவியால் கடைந்த தடங்கள் தெரிந்தன. அஸ்டெக் மக்களிடம் அந்தக் கருவியே கிடையாது. பழம்பொருள் வாங்க ஆசைப்பட்டவர்களுக்காக, 19-ம் நூற்றாண்டில் பழையது மாதிரி புதிதாகச் செய்த பொருள் அது என்று தெரியவந்தது.

நான்காவது படமும் அப்படித்தான். தொப்பி இருக்கிறது, சாட்டை இருக்கிறது, அதே இசை இருக்கிறது. காரன் ஆலன் மரியனாகத் திரும்பி வந்து சிரிக்கும்போது நமக்கும் சிரிப்பு வருகிறது. ஆனால் உற்றுப் பார்த்தால் சக்கரத் தடம் தெரிகிறது.

வசூல் சொல்லும் பாடம்

இதில் ஒரு விசித்திரம். அந்தப் படம் நஷ்டப்படவில்லை. உலகம் முழுக்க சுமார் 79 கோடி டாலர் வசூல். 2008-ல் 'தி டார்க் நைட்' படத்துக்கு அடுத்த இடம்! விமர்சகர்களில் பலர் பாராட்டவும் செய்தார்கள்.

15 வருடங்கள் கழித்து, 2023-ல் ஐந்தாவது படம், 'டயல் ஆஃப் டெஸ்டினி' வந்தது. ஸ்பீல்பெர்க் இயக்கவில்லை, ஜேம்ஸ் மேன்கோல்டு இயக்கினார். செலவு ஏறக்குறைய 30 கோடி டாலர். வசூல் சுமார் 38 கோடி. தியேட்டர்களின் பங்கு போனால், கையைக் கடித்த கணக்கு. 1981-ல் வந்த முதல் படத்தின் வசூலும் ஏறக்குறைய இதே தொகைதான். 42 வருடத்தில் டிக்கெட் விலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், வித்தியாசம் புரியும்.

நான் இதை இப்படித்தான் பார்க்கிறேன். நான்காவது படத்துக்குக் கிடைத்தது, முதல் மூன்று படங்கள் சேர்த்துவைத்த நம்பிக்கையின் பணம். அந்த நம்பிக்கை செலவான பிறகு, ஐந்தாவது படம் வந்து நின்றபோது டிக்கெட் எடுக்க ஆளில்லை. அண்ணன் வாங்கிய கடனைத் தம்பி கட்டிய கதை.

பாவம், தம்பி அண்ணனைவிடக் கொஞ்சம் நல்லவன். அவனும் முதல் 25 நிமிடம் வயதை மறைக்கத்தான் பார்க்கிறான். 80 வயதை நெருங்கிய ஃபோர்டின் முகத்தைக் கம்ப்யூட்டரில் இளமையாக்கி, 1944-க்குக் கொண்டுபோகிறார்கள். முகம் இளமையாகிவிட்டது. குரல் ஆகவில்லை. வாயைத் திறந்ததும் தாத்தா தெரிந்துவிடுகிறார்.

ஆனால் அதற்கப்புறம் 1969-ல் ஒரு சின்ன அபார்ட்மென்ட். சட்டையில்லாமல், தளர்ந்த உடம்போடு எழுந்து, சத்தமாகப் பாட்டுப் போடுகிற பக்கத்து வீட்டுப் பசங்களைத் திட்டப் போகிறார் இண்டி. மகன் வியட்நாம் போரில் இறந்துவிட்டான். அந்தத் துக்கத்தில் மரியனும் பிரிந்துவிட்டாள். காலத்தில் பின்னோக்கிப் போக முடிந்தால் என்ன செய்வாய் என்று ஒரு படகில் கேட்கிறார்கள். ராணுவத்தில் சேராதே என்று மகனிடம் சொல்வேன் என்கிறார். இன்னொரு இடத்தில் பாறையில் ஏற முடியாமல், தோள்பட்டையில் தொடங்கித் தன் உடம்பில் எது எது கெட்டுப்போயிருக்கிறது என்று ஒரு பட்டியலே போடுகிறார். அப்பாடா, நம்ம ஆள் வந்துவிட்டார் என்று தோன்றியது எனக்கு. அதற்குள் அடுத்த துரத்தல் வந்துவிடுகிறது. இரண்டரை மணி நேரத்துக்கு இழுக்கிறது. ஆனாலும் அந்தச் சில நிமிடங்கள் நிஜமானவை.

எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது?

வீட்டில் குழந்தைகளுடன் இந்தத் தொடரைத் தொடங்குவதாக இருந்தால், 1981 படம், அடுத்து 1989 படம் என்று போகலாம். முதல் படத்தின் கடைசியில் முகம் உருகுகிற இடத்தில் சின்னவர்களின் கண்ணை மூடிவிடுங்கள். 1984 படத்தில் உயிரோடு இருக்கிறவரின் நெஞ்சிலிருந்து இதயத்தைப் பிடுங்கும் காட்சி இருக்கிறது. அமெரிக்காவில் 'பிஜி-13' என்ற தணிக்கைப் பிரிவு உருவானதற்கு அந்தப் படமும் ஒரு காரணம். கொஞ்சம் வளர்ந்த பிறகு காட்டுங்கள். நம் ஊரைப் பற்றி அதில் காட்டுவதெல்லாம் கற்பனை என்பதையும் சொல்லிவிடுங்கள். அதில் ஷார்ட் ரவுண்டாக வந்த சிறுவன் கே ஹுய் குவான், 2023-ல் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் வாங்கினார். அதே மேடையில் அன்றைக்குச் சிறந்த படத்துக்கான விருதை அறிவித்தவர் ஹாரிசன் ஃபோர்டு. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டதைத் தேடிப் பாருங்கள். குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

நான்காவது படத்தை விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை. ஐந்தாவது படத்தின் கடைசிச் சில நிமிடங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அதே அபார்ட்மென்ட். குண்டடி பட்டுப் பிழைத்த இண்டி கண் விழிக்கிறார். மளிகைச் சாமான் பையோடு மரியன் உள்ளே வருகிறாள். தலை நரைத்திருக்கிறது. மகனை இழந்த இரண்டு பேர், என்ன பேசுவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். பிறகு, 42 வருடங்களுக்கு முன்னால் கப்பல் அறையில் கேட்ட அதே கேள்வி வருகிறது. எங்கே வலிக்கவில்லை? அதே முழங்கை. மெதுவாக ஒரு முத்தம்.

அன்றைக்கு வலித்தது லாரியில் இழுபட்ட காயம். இன்றைக்கு வலிப்பது அது இல்லை என்று இருவருக்கும் தெரியும். நமக்கும் தெரியும்.

அணுகுண்டு இல்லை. அருவி இல்லை. கிராஃபிக்ஸ் இல்லை. வலியை ஒப்புக்கொள்கிற இரண்டு வயதானவர்கள் மட்டும். இவ்வளவுதானே நாங்கள் கேட்டோம்? இதைக் கொடுக்கவா 34 வருடங்கள் ஆயின!